சாரலுக்குக் கட்டிய பை

தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டால் இருசக்கர வண்டிகள் எல்லாம் தொப்பி போட்டுக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் மூடியின்மேல் ஒரு பாலித்தீன் பை, அதைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட். மாவு வாங்கிய பை, ஜவுளிக்கடைப் பை, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் கார்புரேட்டர் மக்கர் பண்ணும், நடுவழியில் வண்டியைத் தள்ள வேண்டிவரும் என்ற பயம் இங்கே எல்லோருக்கும் உண்டு. நானும் இருபது வருடமாகக் கட்டுகிறேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். இந்த ஆனியில் அந்தக் கைதான் என் மகளைக் கொண்டுபோய் மறுகால் அருகில் நிறுத்தியது.

மகள் ஆராய்ச்சி மாணவி. மலையடிவாரத்து அணை ஒன்றில் மாதம் இருமுறை படகில் போய், பல இடங்களில் தண்ணீர் எடுத்துப் பரிசோதிப்பது அவள் வேலை. மீன் வளர்ப்பவர்களின் சிறிய ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய மோட்டார். அதை அவளே ஓட்டுவாள். பெட்ரோல் டேங்க் மோட்டாரில் இருக்காது. சிவப்பு கேன் ஒன்று காலடியில் தனியாக இருக்கும். அதிலிருந்து மோட்டாருக்கு ஒரு குழாய், குழாயின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு ரப்பர் பல்பு. கிளப்பும் முன் அதைக் கெட்டியாகும்வரை அமுக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் மோட்டாரில் இருக்கும் பம்பே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் சாப்பிடும்போது பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் கவனித்ததில்லை. "லைஃப் ஜாக்கெட் போட்டியா?" என்பது ஒன்றுதான் நான் கேட்கும் கேள்வி.

அணை நிறைந்துவிட்டது, மறுகாலில் தண்ணீர் வழிகிறது என்று கேள்விப்பட்டதும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். நிறைந்த தண்ணீர் சுவரைத் தாண்டி விழும் இடம் மறுகால். கரையில் நின்றாலே அந்த இரைச்சல் நெஞ்சுக்குள் கேட்கும். படகு மோட்டாரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கும் அங்கே இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கடற்கரையில் பல வருடம் படகு மோட்டார் பார்த்துவிட்டு, இப்போது செங்கோட்டை ரோட்டில் பம்பு செட், மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் பழுது பார்க்கிறார். முந்தின நாள் படகு மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அன்று காலைதான் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

மகளும் அவளுடன் படிக்கும் பெண்ணும் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பு கேனின் மூடியைப் பார்த்தேன். மூடியின் உச்சியில் ஒரு சின்ன ஸ்க்ரூ தளர்ந்து நின்றது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்து அதை இறுக்கினேன். பையிலிருந்து ஒரு பாலித்தீனை எடுத்து மூடியில் கவிழ்த்து, இரண்டு ரப்பர் பேண்டால் நன்றாகக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு அப்பா செய்கிற சின்ன வேலை அது, சொல்வதற்கு என்ன இருக்கிறது?

மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. படகு நடு அணைக்குப் போய், மறுகால் பக்கம் திரும்பியது. பத்து நிமிடம் இருக்கும். சத்தம் இருமியது. மறுபடி இருமியது. நின்றது.

மகள் போன் செய்தாள். எனக்கில்லை, மெக்கானிக்குக்கு. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நின்னுட்டு."

"பதறாத பாப்பா. எப்படி நின்னுச்சு? படக்குன்னா, இழுத்து இழுத்தா?"

"இருமி இருமி நின்னுச்சு. கயித்த இழுத்தா பிடிக்கி, உடனே செத்துப்போகுது."

படகு தானாக மறுகாலை நோக்கி நகர்வது கரையிலிருந்தே தெரிந்தது. நங்கூரத்தைப் போட்டிருந்தார்கள், அணை நிறைந்திருந்ததால் கயிறு தரைக்கு எட்டவில்லை. கூட இருந்த பெண் ஒற்றைத் துடுப்பால் வலிக்க, படகு திரும்பியதே தவிர விலகவில்லை.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?" என்று மெக்கானிக்கிடம் கத்தினேன். "இதுவரைக்கும் நடுத் தண்ணியில நின்னதே கிடையாது. நீரு கார்புரேட்டரைக் கழத்துன மறுநாளே நிக்கி! எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா உம்ம விட மாட்டேன்!"

அவர் என் பக்கம் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார், பஸ்ஸை நிறுத்துகிறவர் போல. கண் படகிலேயே இருந்தது.

"பாப்பா, சோக்கை முழுசா இழுத்துட்டு ஒரு இழு."

மோட்டார் உறுமி, அணைந்தது.

"சரி, கரண்ட் இருக்கு. பெட்ரோல்தான் பத்தல. கார்புரேட்டருக்கு அடியில கிண்ணம் இருக்குல்லா, அதுல சின்ன ஸ்க்ரூ. அதத் தளத்தி, கைய அடியில வையி. தண்ணி கலந்து வருதா?"

"ஒண்ணும் வரல. ரெண்டு சொட்டு. பெட்ரோல்தான், தண்ணி இல்ல."

"அப்ப கார்புரேட்டர் மேல குத்தமில்ல. அது பட்டினி கெடக்கு." இதைச் சொல்லும்போதும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஸ்க்ரூவ முறுக்கிக்கோ. இப்ப பல்பை அமுக்கு. எப்படி இருக்கு?"

"அமுக்க என்னண்ணே இருக்கு? சூப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போய்க் கெடக்கு."

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் சிரித்த மனிதரை அடித்துவிடலாம் என்றிருந்தது எனக்கு.

"கண்டுபிடிச்சாச்சு பாப்பா. பம்பு கிழிஞ்சிருந்தா பல்பு மெத்துனு கெடக்கும், கையால அமுக்குனா மோட்டாரும் ஓடும். இங்க பம்பு நல்லா இழுக்கு, டேங்க் குடுக்க மாட்டேங்கு. டேங்க் மூடியப் பாரு. காத்து ஸ்க்ரூ தொறந்திருக்கா?"

அவள் கேன் பக்கம் குனிவது கரையிலிருந்து தெரிந்தது.

"பை கட்டியிருக்கு அண்ணே," என்றாள். கொஞ்சம் விட்டு, மெதுவாக, "எங்கப்பா."

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் சரியாக வராது, காற்று உள்ளே போக இன்னொரு துளை வேண்டும் என்று வருடா வருடம் டின்னைக் கொண்டுபோய்க் காட்டுகிறவன். அந்த இன்னொரு துளையைத்தான் இறுக்கி அடைத்து, மேலே பையும் கட்டியிருந்தேன்.

"பிச்சுப் போடு. ஸ்க்ரூவ ரெண்டு சுத்துத் தளத்து," என்றார் அவர்.

புஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் போனிலேயே கேட்டது. பல்பு தானாக உப்பிவிட்டது என்றாள். கெட்டியாகும்வரை அமுக்கச் சொன்னார். கயிற்றை இழுத்தாள், கிளம்பவில்லை. மறுபடி இழுத்தாள். நீலப் புகை வந்தது. அந்தப் புகையைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. படகுக்கும் மறுகால் சுவருக்கும் நடுவே ஒரு பஸ் நீளம்தான் இருந்தது. இரண்டு பஸ் என்கிறாள் மகள். அதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

கரையேறியதும் அவள் பையை என் கையில் வைத்தாள்.

"ஏம்ப்பா, என் தலையிலயும் ஒண்ணு கட்டி விட்டிருக்கலாம்லா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பையை நான்காக மடித்தேன். மெக்கானிக் அதற்குள் குனிந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார், நாங்கள் அங்கே இல்லாததுபோல. அது எவ்வளவு பெரிய மரியாதை என்று வீட்டுக்குப் போனபிறகுதான் புரிந்தது.

ஒரு வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதுகூட அந்த இருமல் சத்தம் கேட்கும், எழுதியதைப் பாதியில் விட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை ரோட்டில் அவருடைய பட்டறைக்குப் போனேன். மருந்தடிக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு உங்கள ரொம்பப் பேசிட்டேன் தம்பி," என்றேன். "நீரு, வே என்றெல்லாம்..."

"எப்ப பேசுனீங்க?" என்றார். "அண்ணாச்சி, அந்த நேரத்துல எனக்குப் பாப்பா சத்தமும் மோட்டார் சத்தமுந்தான் கேட்டுச்சு. நீங்க பேசுனதுக்கு எங்க காது இருந்துச்சு?"

"தப்பு என்னுதுன்னு தெரிஞ்சப்பவும் நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லி? முதல்ல நானும் தண்ணி கலந்திருக்கும்னுதான நெனச்சேன். நானும் இந்த ஊர்ல வண்டிக்குப் பை கட்டுதவன்தான்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ரெண்டு சொட்டு உள்ள போனா போயிட்டுப் போகுது. அதப் பிடிக்கத்தான் வழியில ஃபில்டர் வச்சிருக்கு. காத்து போகலன்னாதான் கதை முடிஞ்சுது. அடுத்த தடவ பாப்பாகூட வருவீங்கல்லா?"

வரப்போவதில்லை, அவளையும் அனுப்பப்போவதில்லை என்ற முடிவோடுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன்.

"வாங்க," என்றார். "அந்தக் காத்து ஸ்க்ரூவ இனிமே நீங்கதான் தொறந்து விடணும். அவளுக்கு ஒரு வேலை மிச்சம்."

போனேன். அன்றும் சாரல் விடாமல் விழுந்தது. பண்பொழி மலை மேகத்துக்குள் இருந்தது. படகு கிளம்பும் முன் மகள் திரும்பி, "அப்பா, தளத்தியாச்சா?" என்றாள். குனிந்து ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருப்பினேன். ஒருமுறை சரிபார்த்தேன், இன்னொரு முறையும் பார்த்தேன். சாரல் மூடியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. என் பையில் பாலித்தீன் இருந்தது. எடுக்கவில்லை.

கரையில் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. தூரத்தில் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.