ஏரிப் பக்கம் திரும்பும் குழாய்

மூங்கிலை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, நரசிம்மன் அதை அரைச் சுற்று திருப்புகிறார். உச்சியில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரும் கூடவே திரும்புகிறது. கல்யாண வீட்டைப் பார்த்திருந்த அதன் வாய் இப்போது பிள்ளைப்பாக்கம் ஏரியைப் பார்க்கிறது. பாட்டு தண்ணீர் மேல் போய்விடுகிறது. பந்தலில் இருப்பவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் யாரோ முனகுவது போலக் கேட்கிறது. நரசிம்மன் உள்ளங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பீடி பற்றவைக்கிறார். எட்வின் பாட ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

சினிமாவில் பின்னணி பாடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும் நரசிம்மன் கணக்கில் இரண்டே பேர்தான். ஒருவர் தாமோதரன். மேலே போனால் இறங்க மனசில்லாத குரல். இன்னொருவர் எட்வின். பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி பாடுகிறவர். நரசிம்மன் தாமோதரன் கட்சி. இந்த வருஷத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதே அவருக்கு இப்போது சரியாக நினைவில்லை. தாமோதரன் விஷயத்தில் அந்தத் தடுமாற்றம் கிடையாது.

‘நரசிம்மன் சவுண்ட் சர்வீஸ்’ என்று பெயின்ட் அடித்த மரப்பெட்டிக்குள் ஓர் ஆம்ப்ளிபயரும் டேப் ரெக்கார்டரும் இருக்கின்றன. ஆம்ப்ளிபயரில் சத்தம் வைக்கிற திருகுக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறார். தாமோதரன் பாடினால் திருகு அந்தக் கோட்டில் நிற்கும். மற்றவர்கள் பாடும்போது எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் அதை நரசிம்மனைத் தவிர யாரும் தொடக் கூடாது.

எட்வின் பாட்டைப் போட மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. விசேஷ வீட்டுக்காரர்கள் கேட்டால் போட்டுத்தான் ஆகவேண்டும். “தொழில்னு வந்துட்டா நாம நியாயமா நடந்துக்கணும்” என்பார். போட்டுவிட்டு, மூங்கிலைத் திருப்பிவிடுவார். இப்படியே பல வருஷம் ஓடியதில், எட்வினுக்குக் குரலே இல்லை என்பது பிள்ளைப்பாக்கத்தில் பொதுவான அபிப்பிராயம் ஆகிவிட்டது.

இதன் உள்விவகாரம் தெரிந்தவர் பாபு ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் நரசிம்மனோடு ஒரே பெஞ்சு. இப்போது மண்ணூர் ஒயர் கம்பெனியில் வேலை. ஷிப்டு இல்லாத நாட்களில் ஒயர் இழுக்கவும் மூங்கில் நடவும் வந்துவிடுவார். எட்வின் கட்சி.

“இது கள்ள ஓட்டு நரசிம்மா. பெட்டிய நீயே வெச்சிகினு நீயே குத்திகினு கீற.”

“டேய், உன் ஆளு பாடறாரா, இல்ல ஆஸ்பத்திரில பேஷண்ட்டாண்ட பேசிகினு கீறாரா?”

“உன் ஆளு பாடுனா ஏரில படுத்துனு கீற எருமைல்லாம் எந்திரிச்சி நிக்குது. அத இன்னான்றது?”

“அது மரியாதடா.”

சண்டை இதற்கு மேல் போவதில்லை. பாபு டீ வாங்கி வரப் போய்விடுவார். நரசிம்மன் டேப்பை மாற்றிப் போடுவார்.

மேலே போன சண்டை ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நரசிம்மனின் தாய்மாமன் வீட்டு விசேஷத்தில் தாமோதரன் உச்சத்தில் இருந்தபோது, மாமன் பந்தலை விட்டு வெளியே வந்து, நான்கு பேர் கேட்கிற மாதிரி சொன்னார்: “யார்றா இவன், இந்தக் கத்து கத்தறான்?” நரசிம்மன் எழுந்தார். பாட்டை நிறுத்தினார். ஒயரைச் சுருட்டினார். மூங்கிலைப் பிடுங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். மாமன் மகளை அவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அந்தப் பெண்ணை அதே வருஷம் வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

“பாட்டுக்காரனுக்காவ பொண்ண வுட்டவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்” என்று அவருடைய அம்மா கிளியம்மாள் தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பார். நரசிம்மனுக்கு முப்பத்துநான்கு முடியப் போகிறது. வந்த வரன்கள் எல்லாம் மைக் செட்டுக்காரர் என்றதும் திரும்பிப் போயின. கம்பெனி வேலை இருக்கிறதா என்பதே இப்போது பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி.

இந்த வருஷம் மே மாதம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொஞ்ச நாள் யாரும் குழாய் கட்டவில்லை. யாருக்கும் அந்த மனசும் இல்லை. நரசிம்மன் சும்மா இருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கு எதிர்க்கரையில் இருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் அம்சவல்லி. மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. அண்ணன் சுப்பிரமணி செங்கல் சூளையில் மேஸ்திரி. இதையும் விட்டால் இனிமேல் வரன் தேடப் போவதில்லை என்று கிளியம்மாள் சத்தியம் செய்துவிட்டு, பாபுவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. சுப்பிரமணி சந்தோஷமாகப் பேச்சை ஆரம்பித்தார்.

“மாப்ள எட்வின் வெறியருன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். உங்க குழாயில எட்வின் பாட்டத் தவிர வேற எதுவும் நாங்க கேட்டதில்ல.”

பாபுவுக்கு பஜ்ஜி புரையேறியது.

கதவோரம் நின்ற அம்சவல்லி, தலையைக் குனியாமல், நேராகவே கேட்டார். “தண்ணி மேல வந்தா அந்தக் குரலு எவ்ளோ நல்லா கீது தெரியுமா? இந்தாண்ட எல்லாரும் வாசல்ல வந்து குந்திடுவாங்க. நடுவுல கொஞ்ச நாளு பாட்டே வரலியே, ஏன்? உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன்.”

பிறந்ததிலிருந்து தன்னைப் பற்றி அம்மாவைத் தவிர யாரும் அப்படி நினைத்ததாக நரசிம்மனுக்கு நினைவில்லை. ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும், தாம்பூலம் மாற்றிவிடலாம். கிளியம்மாள் அவர் தொடையில் கிள்ளியதும் அதற்காகத்தான். நரசிம்மன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்கு எட்வின புடிக்காதுங்க.”

சுப்பிரமணி கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“புடிக்காததாலதான் இந்தப் பக்கம் திருப்பிவுட்டேன். ஏரில போய் வுழட்டும்னு. இங்க ஊரு கீறத நான் நெனக்கல.”

கிளியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்சவல்லி கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப உங்களுக்குப் புடிச்சவரு பாட்டு?”

“தாமோதரன். அவர எங்க ஊர்ப் பக்கம் வெப்பேன்.”

“அத நாங்க கேட்டதே இல்லியே. கேட்டுட்டு சொல்றேன்” என்றார் அம்சவல்லி.

திரும்பி வரும் வழியெல்லாம் பாபு சிரித்தார். “என் ஆளுக்கு அக்கரையில நீயே மன்றம் வெச்சிக் குடுத்துகீறடா. ஒரு மால வாங்கிப் போடலாமா?” நரசிம்மன் சைக்கிளை மிதிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

ஆவணியில் வேலை மறுபடி வந்தது. முதல் விசேஷம் ஏரிக்கரைத் தெருவில் மரகதம் அம்மாள் பேரனுக்குக் காதுகுத்து. மூங்கில் நட்டார்கள். நரசிம்மன் தாமோதரன் டேப்பைப் போட்டார். திருகைச் சிவப்புக் கோட்டில் வைத்தார். பிறகு மூங்கிலைக் கட்டிப்பிடித்து, குழாயை ஏரிப் பக்கம் திருப்பினார். பாபு பார்த்துக்கொண்டிருந்தார்.

மரகதம் அம்மாள் பந்தலில் இருந்து கத்தினார். “யோவ் நரசிம்மா! காது எம்பேரனுக்கு குத்தறமா, ஏரிக்கு குத்தறமா? எங்களுக்கு ஒன்னும் கேக்கல!”

“காத்து அந்தப் பக்கம் அடிக்குதும்மா” என்றார் நரசிம்மன். காற்றே இல்லை.

தாமோதரன் தன் சிறந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரிடம் பாடினார். எருமைகள் எழுந்து நின்றன. நரசிம்மன் பீடியும் பற்றவைக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்த்தபடி இருந்தார். அங்கே பனைமரங்கள்தான் தெரிந்தன. இலை போடுகிற நேரத்தில், ஏரிக்கரை மேல் ஒரு சைக்கிள் வந்தது. சுப்பிரமணி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக மரப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி பாட்டக் கேட்டுச்சி” என்றார்.

நரசிம்மன் எழுந்து நின்றார்.

“சம்மதம்தான் மாப்ள. ஐப்பசில வெச்சிக்கலாம்னு அம்மா சொல்லிச்சி.” சுப்பிரமணி கொஞ்சம் தயங்கினார். “ஒன்னே ஒன்னுதான் தங்கச்சி சொல்லச் சொல்லிச்சி. கோச்சிக்காதீங்க.”

“இன்னா?”

“அவரு கொஞ்சம் கத்தறாராம்.”

பாபு அவசரமாக டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுருட்டுவதற்குத் தோதாக ஒயரின் ஒரு முனையைக் கையில் எடுத்துக்கொண்டார். குழாயில் தாமோதரன் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். நரசிம்மன் ஏரியைப் பார்த்தார். பாபுவைப் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு விரலால் அந்தத் திருகைப் பிடித்து, சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறக்கி வைத்தார்.