முத்துக்கருப்பனுக்கு நான் கொடுக்காத இடம்

முத்துக்கருப்பன் இறந்துவிட்டார் என்று அரிமளத்திலிருந்து போன் வந்தபோது, கோட்டைப்பட்டினம் இறங்குதளத்தில் என் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். நான் நம்பவில்லை. அதே எண்ணுக்குத் திரும்ப அழைத்து, "நீங்க யாரு?" என்று கேட்டேன். அவர் மனைவிதான் பேசினார். என் புத்தி அப்படி, இந்தக் கரையில் இருக்கும் உங்களுக்கே தெரியும்.

அவரை முதலில் பார்த்தபோதும் சந்தேகம்தான். விவசாயக் குடும்பம், வளைகுடாவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பியவர், அலையில் கால் நனைக்கவே பயப்படுவார். அவர் பஸ் ஏறி வந்து, மீனவர்களுக்காகத் தனியாளாக ஒரு செயலி எழுதுவதாகச் சொன்னார். வலை மாட்டிக் கிழிந்த இடத்தை அவரவர் போனில் பதிய வேண்டும். அடுத்த படகு அந்தப் பக்கம் போனால் போன் கத்தி எச்சரிக்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் வலையைக் கிழிக்கும் பாறையோ மூழ்கிய படகோ கிடக்கும் இடத்தில்தான் மீனும் அண்டும். அதைக் கூடப்பிறந்தவனிடமும் நாம் சொல்வதில்லை.

"எதுக்கு சார் ஒங்களுக்கு இந்தப் பாடு? பின்னால எந்தக் கம்பெனி இருக்கு?" என்று கேட்டேன். இருவருக்கும் ஒரே வயது. சந்தேகம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும்.

"நான் மட்டுந்தான் பாய். வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க" என்று சிரித்தார்.

சோதனைக்காக நாங்கள் சிலர் பதிந்து கொடுத்தோம். நான் என் மச்சான் ஜலீல் வலை போடும் சுத்தமான சேற்றுத்தரையை, கல் கிடக்கும் இடமென்று பதிந்து கொடுத்தேன். நான் ஒருவன்தான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தேன். செயலி வெளிவந்த அன்று, கல்லே இல்லாத இடங்களிலெல்லாம் போன்கள் கத்தின. பாதியில் திரும்பி வந்த ஜலீல், "என் எடத்துல எவன் மச்சான் கல்லக் கொண்டாந்து போட்டது?" என்றான். கரையே சிரித்தது.

முத்துக்கருப்பன் கோபப்படவில்லை. "நீங்க பொய் சொன்னது தப்பில்ல பாய். உண்மையச் சொன்னா நஷ்டம்ங்கிற மாதிரி நாந்தான் செஞ்சு வச்சுட்டேன்" என்றார்.

பல மாதம் கழித்து மறுபடி வந்தார். பழைய பொய்களை அழித்திருந்தார். புதியதில் பதிந்தவர் பெயர் கிடையாது, வரைபடம் கிடையாது. இடத்துக்கு வெகு தூரத்திலேயே கத்தத் தொடங்கிவிடும், சரியாக எந்த இடம் என்று யாருக்கும் பிடிபடாது. கரையில் படகுகள் சேர்ந்து நிற்கும்போது போன்கள் பதிவுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். அவரிடம் எதுவும் போகாது. மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைப் பதிந்தார்கள்.

நான் பதியவில்லை. மூழ்கிய படகு ஒன்று கிடக்கும் இடம் எனக்கு மட்டும் தெரியும், என் வீட்டுச் சோறு அதில்தான். ஜலீல் அதன் பக்கமாகப் போகத் தொடங்கியிருந்தான். அவன் வலை அதில் மாட்டினால் அவனுடைய சின்னப் படகு கவிழ்ந்துவிடும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

துக்கத்துக்குப் போனபோதும், வாசலில் ஏதாவது கம்பெனிக் கார் நிற்கிறதா என்றுதான் பார்த்தேன். நம் ஆட்களின் பைக்குகள்தான் நின்றன. அவர் வேலை பார்த்த மாடியறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி.

"பஷீர் பாய் நீங்கதானா?" என்றார் அவர் மனைவி. "பஷீர் பாய் நம்பிட்டாருன்னா இது சரியா வந்துருச்சுன்னு அர்த்தம்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பதிஞ்சீங்களா?"

"பதிஞ்சுட்டேம்மா" என்றேன். அதுவும் பொய்.

மறுநாள் கடலுக்குப் போய், அந்த இடத்துக்கு மேலே படகை நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். போன வாரம் ஜலீல் வந்து, "அங்கிட்டுப் போன் கத்துச்சு மச்சான், வலையப் போடாம வந்துட்டேன். எந்தப் புண்ணியவான் குடுத்தானோ" என்றான். எனக்கென்ன தெரியும் என்றேன்.

முத்துக்கருப்பனிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பொத்தான்தான். அவர் இருந்தபோதே அழுத்தியிருக்கலாம். அழுத்தியது யார் என்று அவருக்கும் தெரியாதபடிதான் அவர் அதைச் செய்து வைத்திருந்தார். ஆனால் நானே அரிமளத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருப்பேன்.