டோரீனின் கட்டில்

இம்பி சாரெலா என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பனி வாரும் லாரிதான். மாவட்டச் சாலைத் துறையில் அந்த லாரியை ஓட்டிய முதல் பெண் அவள். சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி அடித்துக்கொண்டு வரும் நாட்களில், ஊரே விழிக்கும் முன்னால் அவள் சாலையைத் திறந்துவிட்டிருப்பாள். ஓய்வு பெற்ற பிறகு தனியாகத்தான் இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. எண்பது தாண்டியதும் ஒரு நாள் சமையலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு வீட்டை விற்றுவிட்டு, நான் துணி துவைக்கும் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் அறை. பக்கத்துக் கட்டிலில் டோரீன் ட்ரெவாரோ. டோரீனுக்கு நினைவு கலங்கிப்போயிருந்தது. பகலெல்லாம் சாதுவாக இருப்பாள், பொழுது சாய்ந்தால் கத்த ஆரம்பிப்பாள். "அம்மா, பஸ் வந்துடுச்சு! என் ஷூ எங்க?" என்று அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பள்ளிக்கூட பஸ்ஸைத் துரத்துவாள்.

இம்பிக்கு அது ஆகவில்லை. மடித்த துணியோடு நான் உள்ளே போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள்.

"அம்மாடி, உன் மேலதிகாரிகிட்ட சொல்லு. எனக்கு வேற ரூம் வேணும். இது ரூமா, பஸ் ஸ்டாண்டா?"

என்னிடம் மட்டுமல்ல, நர்ஸுகளிடமும் சொன்னாள், நிர்வாகி ஹால்வர்சனிடமும் சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படியும் சொன்னாள். வேறு அறை காலியில்லை என்றார்கள்.

டோரீனின் கணவர் வெண்டெல் ஒரு நாள் தவறாமல் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். மூச்சு கொஞ்சம் இழுக்கும். கண் பார்வை மங்கி, கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்பதால் தடியை ஊன்றி நடந்தே வருவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு ஒவ்வொரு கரண்டியாக ஊட்டுவார். யார் ஊட்டினாலும் துப்பிவிடும் டோரீன், அவர் கையால் மட்டும் சாப்பிடுவாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்ததா என்பது வேறு விஷயம். "இந்த ஆளு நல்ல ஆளு. கல்யாணம் ஆயிடுச்சா இவருக்கு?" என்று இம்பியைப் பார்த்துக் கேட்பாள்.

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு. பொண்டாட்டி சரியான வாயாடியாம்" என்பாள் இம்பி. வெண்டெல் தோள் குலுங்கச் சிரிப்பார்.

ஒரு நவம்பரில் டோரீனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்தில் தேறிவிட்டாள் என்று வெண்டெல் சந்தோஷமாகச் சொன்னார். அதற்கு மறுநாள் வந்தவர், இம்பியின் கட்டில் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா வெண்டெல், முகம் ஏன் இப்படி இருக்கு?"

"திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம் இம்பி. இங்க அவளைப் பாத்துக்க வசதி இல்லையாம். தெற்குப் பக்கம் ஒரு இல்லம் இருக்காம், அங்க அனுப்பறாங்களாம்."

"தெற்குப் பக்கம்னா?"

"பாலம் தாண்டி. கார்ல போனாலே அஞ்சு மணி நேரமாம்."

இம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனிக்காலம் தொடங்கிவிட்டது. கார் ஓட்டாத மனுஷன். எங்கள் பகுதியைத் தெற்கோடு இணைக்கும் அந்த நீளப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மனைவி போனால் மறுபடி பார்ப்பது சந்தேகம்தான். அந்தப் பெண்ணுக்கு அங்கே யார் ஊட்டுவார்கள்?

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்றது? அவளுக்கு மெடிகெய்டுதானே, கையில இல்லாதவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற காசுதானே கட்டுது. எங்க சேமிப்பெல்லாம் முதல் ரெண்டு வருஷத்துலயே கரைஞ்சு போச்சு. தர்மத்துக்கு வெச்சுப் பாத்துக்கறாங்க. அதுல போய் இங்க வேணும், அங்க வேணாம்னு எப்படிக் கேக்கறது?"

நான் அப்போது ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தேன். இம்பி அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தர்மமா? எத்தனை வருஷம் சுரங்கத்துல கிடந்த? சம்பளத்துல வரி பிடிக்காம விட்டாங்களா? நீ கட்டினது, நான் கட்டினது, இதோ திரை மாட்டறாளே இவ கட்டறது, அதுலதான்யா உன் பொண்டாட்டி இருக்கா. பிச்சைக்காரன் மாதிரிப் பேசாத. எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"சண்டை போட்டா அவளுக்குத்தான் கஷ்டம் இம்பி."

"சண்டை போடலேன்னா மட்டும் பஞ்சு மெத்தையா?"

அவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஹால்வர்சன் வந்தான். தெற்கிலிருந்து வந்த முப்பத்தைந்து வயதுக்காரன். கெட்டவன் இல்லை. எங்கள் இல்லத்தை வாங்கிய கம்பெனி மேலிருந்து அழுத்த, அதை அப்படியே கீழே தள்ளிவிடுகிறவன், அவ்வளவுதான்.

"மிஸஸ் சாரெலா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பக்கத்துக் கட்டிலுக்கு முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரு அம்மா வர்றாங்க. ரொம்ப அமைதியானவங்க."

"அது டோரீன் கட்டில்."

"நீங்கதானே மாத்தச் சொல்லி அத்தனை தடவை கேட்டீங்க?"

"என்னை மாத்தச் சொன்னேன் தம்பி. அவளை நாடு கடத்தச் சொல்லல."

அவன் போனதும் இம்பி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், மெல்ல எழுந்து, டோரீனின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். அப்போது பார்த்துப் புது விரிப்போடு நான் உள்ளே நுழைந்தேன்.

"இம்பி, இது என்ன கூத்து?"

"ரெண்டு கட்டில்லயும் மாறி மாறிப் படுக்கப் போறேன். ஆளை வெச்சுத் தூக்கட்டும், பாக்கலாம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, நடைபாதைச் சுவரில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். இல்லங்களில் இருப்பவர்களின் குறைகளைக் கேட்க அரசு வைத்திருக்கும் குறைகேட்பாளரின் தொலைபேசி எண் அதில் இருக்கிறது. எல்லா இல்லங்களிலும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் இல்லத்தில் அதை மறைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பூச்செடி நின்றது. இம்பி செடியை நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினேன். அன்றே அவள் அந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

பெல்கார்ட் என்ற அந்தக் குறைகேட்பாளர் இரண்டு நாளில் வந்துவிட்டாள். நரைத்த சடை, பனி பூட்ஸ், அளந்து பேசும் பெண். வெண்டெலையும் வரவழைத்து உட்கார வைத்தாள்.

"மருத்துவமனைக்குப் போயிட்டு வர்றவங்களை, காலியா இருக்கிற முதல் கட்டில்ல திரும்பச் சேத்துக்கணும். மெடிகெய்டு கட்டினாலும் அதேதான். வேணாம்னு அனுப்பறதா இருந்தா காரணம் எழுதிக் கொடுக்கணும். நீங்க மேல்முறையீடு பண்ணலாம். உங்ககிட்ட ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"இல்லைங்க. போன்லதான் சொன்னாங்க."

"அப்புறம் எதுக்காகங்க இப்படிப் பண்றாங்க?" என்று இம்பி கேட்டாள். "டோரீன் கத்தறது இன்னிக்கு நேத்தா?"

பெல்கார்ட் தோளைக் குலுக்கினாள். "ஆபரேஷன் பண்ணிட்டு வர்றவங்களுக்கு மெடிகேர், அதான் வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், அது கட்டுது. அதுல கூடுதலாக் கிடைக்கும். இவங்க மனசுல இருக்கிறது எனக்குத் தெரியாது. ஆனா பல இடத்துல இப்படித்தான் நடக்குது."

வெண்டெல் தலை குனிந்தே இருந்தார். பிறகு, "நான் மேல்முறையீட்டுல கையெழுத்துப் போட்டா, அவளை இங்க நல்லாப் பாத்துக்குவாங்களா? இல்ல பழி வாங்குவாங்களா?" என்று கேட்டார்.

"அதுக்கு உத்தரவாதம் நான் எப்படித் தர்றது? ஆனா நானும் அடிக்கடி வருவேன்."

"நான் பக்கத்துக் கட்டில்லயே இருப்பேன்" என்றாள் இம்பி. "யாராவது அவ மேல ஒரு விரல் வெக்கட்டும், பாக்கறேன்."

வெண்டெல் கையெழுத்துப் போட்டார். முடிவு தெரியும் வரை அந்தக் கட்டிலில் வேறு யாரையும் சேர்க்கவில்லை.

விசாரணை தொலைபேசி வழியாகவே நடந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் ஒலிபெருக்கி போனை மேஜை நடுவே வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து நீதிபதி, ஒரு பெண், பேசினார். கம்பெனியின் வக்கீல் இன்னொரு ஊரிலிருந்து பேசினார். தட்டுகள் எடுக்கும் சாக்கில் எங்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றோம்.

வக்கீல் நேராக இம்பியிடம் வந்தார். "மிஸஸ் சாரெலா, டோரீன் ட்ரெவாரோவோட கத்தலால உங்களுக்குத் தூக்கமே இல்லைன்னு நீங்க பல தடவை புகார் சொன்னீங்களா, இல்லையா?"

ஹால்வர்சன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டெல் இம்பியைப் பார்த்தார்.

"சொன்னேன்" என்றாள் இம்பி.

"அவங்களோட இருக்க முடியாதுன்னும் சொன்னீங்க?"

"அதையும் சொன்னேன். ஐயா, என் வீட்டுக்காரர் விட்ட குறட்டையில சுவரே அதிரும். முப்பது வருஷம் அதைப் பத்தியும் புகார் சொன்னேன். அதுக்காக அவரைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்கன்னு யாரையும் கேக்கல."

போனில் நீதிபதி இருமினார். சிரிப்பை மறைக்க இருமினார் என்பது என் எண்ணம்.

அதன் பிறகு நீதிபதி வெண்டெலிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவர் போனுக்கு மிக அருகில் குனிந்து, அது காது கேளாதது போல உரக்கச் சொன்னார்: "என் கையால குடுத்தாத்தான் அவ சாப்பிடுவா, அம்மா. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

டோரீன் டிசம்பர் நடுவில் திரும்பி வந்தாள். தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக இருந்தது. மருத்துவமனையில் இளைத்துக் குச்சியாகிப் போயிருந்தாள். கட்டிலில் படுக்க வைத்ததும் இம்பியை உற்றுப் பார்த்து, "யாரு இது? என் கம்பளியைத் திருடினவ இவதானே?" என்றாள்.

"ஆமாண்டி, நான்தான். தூங்கு" என்றாள் இம்பி.

அன்று பொழுது சாய்ந்ததும் பஸ் வந்தது. டோரீன் கத்தினாள். நான் வேலை முடிந்து கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். இம்பி அவள் கட்டிலருகே சக்கர நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "பஸ் நிக்கும்டி. டிரைவர் எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான். மெதுவா ஷூ போட்டுக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டோரீன் கொஞ்சம் அடங்கியிருந்தாள். முழுக்க அடங்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு நர்ஸ் உதவியாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள். மணியடித்தால் ஆள் வர நேரமானது. ஹால்வர்சன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான். போகும் முன் இம்பியிடம் வந்து கை கொடுத்தான். அவளும் கொடுத்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் வெண்டெலுக்கு நடக்க முடியாமல் போய், அவரும் இல்லத்துக்கே வந்தார். கணவனும் மனைவியும் ஒரே அறையில் இருக்க உரிமை உண்டு. ஆனால் இரண்டு பேருக்கான அறை எதுவும் காலியில்லை. நடைபாதைக் கடைசி அறையில் ஒரு கட்டில் மட்டும் காலியாக இருந்தது. யாரும் இம்பியைக் கேட்கவில்லை. அவளே அங்கே போவதாக, தன் சாமான்களைப் பெட்டியில் போட்டுத் தரும்படி என்னிடம் சொன்னாள்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு நானும் அவளும் நடைபாதையில் போனோம். பின்னால் அந்த அறையில் இம்பி விட்டுவந்த கட்டிலில் வெண்டெல் சாய்ந்து உட்கார்ந்து, எட்டிய கையால் டோரீனுக்கு சூப் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி அவள் கழுத்தில் சிந்தியது.

"நாளைக்கு அவளுக்கு ரெண்டு நைட்டி கூடுதலா எடுத்து வை" என்றாள் இம்பி, திரும்பிப் பார்க்காமலே.