பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு பூண்டுக் குரல்

திருப்பாதிரிப்புலியூரில் என் முகம் தெரிந்தவர்கள் எங்கள் தெருவோடு சரி. குரல் தெரிந்தவர்கள் கடலூர் முழுக்க இருக்கிறார்கள். "வாங்கம்மா வாங்க, மலைப்பூண்டு, நாட்டுப்பூண்டு, உங்க வாசலுக்கே வந்திருக்கு" என்று குட்டி யானை வண்டியில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போகுமே, அது நான்தான். பெயர் சந்திரலேகா. பழைய சோபாவுக்குப் புதுத் துணி போடுகிறவருக்கும், பிளாஸ்டிக் குடம் விற்கிறவருக்கும்கூட நான்தான் கத்துகிறேன்.

முன்பு ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் பூண்டு வண்டி ஓட்டும் அன்பரசு வந்து, "அக்கா, எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சி. நீங்க ஒரு வாட்டி பேசுங்க, போன்ல புடிச்சிக்கிறேன்" என்றார். பேசினேன். பூண்டு விற்றது. பூண்டு நல்ல பூண்டு என்பதால் விற்றிருக்கும். நான் என் குரலால் விற்றது என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஆன்லைனில் ஒரு மேசை மைக் வாங்கினேன். வட்டமாக ஒரு தாங்கி, நடுவில் கறுப்பாக மைக், கம்பெனி பெயர் வெள்ளியில் மின்னும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அந்தப் பெயர் பட வேண்டுமென்று வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் தேவநாதன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். "பூண்டு விக்கிறதுக்கு இம்மாம் பெரிய மைக்கா?" என்றார்.

"தொழில்னு வந்துட்டா ஒரு லட்சணம் வேணாமா?" என்றேன்.

அப்படிக் கேட்டவர்தான் சிதம்பரத்தில் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில், டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் என் பெருமையைப் பேசிவிட்டு வந்தார். டாக்டர் ஸ்ரீமதிக்கு அப்போது ஒரு குரல் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் முதலில் கேட்குமே, "வணக்கம். சற்று நேரம் காத்திருங்கள்" என்று, அந்தக் குரல். நான் பேசி அனுப்பினேன். அன்று சாயங்காலமே டாக்டர் கூப்பிட்டார்.

"மேடம், வாய்ஸ் நல்லாருக்கு. ஆனா பின்னாடி கொய்ங்னு ஒரு சத்தம் வருது. எங்க டிரில் சத்தம் மாதிரியே இருக்கு. போன் பண்றவங்க பயந்துபோய் வெச்சிடுவாங்க."

கேட்டுப் பார்த்தேன். கொய்ங் என்று இருக்கத்தான் செய்தது. தெருவில் கத்துகிற வேலைக்கு அது யார் காதிலும் விழுந்ததில்லை, என் காதிலும்.

குற்றவாளியைத் தேடப் புறப்பட்டேன். ஃபேனை நிறுத்தினேன். வியர்த்ததுதான் மிச்சம், கொய்ங் போகவில்லை. ஃபிரிட்ஜை நிறுத்தினேன். மறுபடி போட மறந்துவிட்டேன். துறைமுகத்தில் தேவநாதன் பார்த்துப் பார்த்து வாங்கிவந்த வஞ்சிர மீன் கெட்டுப்போனது மறுநாள் எங்களுக்கு முன்பாகத் தெருப் பூனைகளுக்குத் தெரிந்துபோயிற்று. கம்ப்யூட்டரில் இரைச்சலை நீக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அதை முழுசாக இழுத்துவிட்டேன். இரைச்சலோடு என் குரலில் பாதியும் போய், தண்ணீர்க் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஆனது.

மாதத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்கென்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தெருவே அடங்கிவிடும், பேசி முடித்துவிடலாம் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். கரண்ட் போனது. அப்படி ஓர் அமைதி. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமிய பிறகுதான், கம்ப்யூட்டரும் கரண்ட்டில் ஓடுகிறது என்று நினைவு வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் அக்காவின் மிக்சிதான் காரணம் என்று முடிவு கட்டினேன். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு அப்படியே எழுந்துபோனேன்.

"அக்கா, நான் வேல செய்யிற நேரத்துல கொஞ்சம் மிக்சிய நிறுத்தக் கூடாதா?"

"எந்த மிக்சிய? அது ரிப்பேர்ல கெடந்து ஒரு மாசம் ஆவுது. உங்க வூட்டுலதானே தேங்கா அரைக்க வர்றேன்?"

வந்துகொண்டுதான் இருந்தார். அன்று காலையில்கூட வந்தார். ஒரு கிண்ணம் சட்னியையும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி திரும்பினேன்.

ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டிங்கை நிறுத்தி, ஹெட்போனில் கேட்டேன். நான் இல்லாத வீட்டிலும் கொய்ங். சரிதான் என்று ஒவ்வொரு பொருளிடமும் காதைக் கொண்டுபோனேன். சுவர்க் கடிகாரம், டியூப் லைட், பீரோ. பீரோவுக்கு என்ன சத்தம் இருக்கும் என்று கேட்காதீர்கள். கடைசியில் மேசைமேலேயே இருந்த சிபியூவிடம் வந்தேன். உள்ளே அதன் ஃபேன் கொய்ங் என்று சுற்றிக்கொண்டிருந்தது. மைக் அதைப் பார்த்தபடி இருந்தது.

மைக்கோடு வந்த தாளை அப்போதுதான் பிரித்துப் படித்தேன். கம்பெனி பெயர் இருக்கிற பக்கம்தான் மைக்கின் முகமாம். பேசுகிறவர் அந்தப் பக்கம் உட்கார வேண்டுமாம். விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று முகத்தை வாசலுக்குத் திருப்பினேன், அந்தப் பக்கம் சிபியூ. இத்தனை நாளும் நான் மைக்கின் முதுகிடம் பேசியிருக்கிறேன். குரல் சரியாக ஏறவில்லையே என்று சத்தம் கூட்டும் திருகை வேறு கடைசிவரை திருகி வைத்திருந்தேன். சிபியூவுக்கு ரொம்ப வசதியாகப் போயிருக்கும்.

சிபியூவைக் கீழே இறக்கினேன். மைக்கை என் பக்கம் திருப்பி, அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன். திருகைக் குறைத்தேன். எதிர்ச் சுவரில் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்தேன். கொய்ங் காணாமல் போனது. சந்தோஷத்தில், "வணக்கம்! சற்று நேரம் காத்திருங்கள்!" என்றேன்.

அன்று லீவில் இருந்த தேவநாதன் கேட்டுவிட்டு, "இன்னா இது, கிலோ எவ்ளோன்னு சொல்லலியே?" என்றார்.

கத்தியே பழகிய வாய். மைக் பக்கத்தில் இருக்கிறது என்று வாய்க்குத் தெரியவில்லை. "என்கிட்ட உப்பு கேக்குற மாதிரி சும்மா சொல்லு" என்று அவர் எதிரில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. திரும்பி உட்காரச் சொல்லி, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். நன்றாக வந்துகொண்டிருந்தது. கடைசி வரியில், தூரத்தில் ஒரு பெண் "வாங்கம்மா வாங்க" என்று கூவிக்கொண்டே வந்தாள்.

வாசலுக்கு ஓடினேன். "அன்பரசு, கொஞ்சம் நிறுத்துங்க, உள்ள ரெக்கார்டிங் போயிட்டிருக்கு!"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "அக்கா, கத்துறது நீங்கதான். என்னைய நிறுத்தச் சொன்னா?"

ஆனாலும் நிறுத்தினார். அவர் பூண்டு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பேசி முடித்தேன். டாக்டருக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த மாதம் தேவநாதன் பல்லைக் காட்டச் சிதம்பரம் போனபோது நானும் கூடப் போனேன். வரவேற்பில் பெரியவர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கீரப்பாளையத்திலிருந்து வந்த சிங்காரம்.

"மறுபடியும் மொதல்லருந்து கேட்டா எப்டிம்மா? காலையில போன்ல அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனே. எந்தப் பல்லு, எத்தினி நாளா வலி, மோளக்காரன் கொட்டுற மாதிரி வலிச்சி ராத்திரி பூரா தூங்காதது, அல்லாத்தையும்."

"ஐயா, அது ரெக்கார்டிங்."

"இன்னா ரெக்கார்டிங்கு? பக்கத்துல நின்னு பேசுற மாதிரி பேசிச்சி. காத்திருங்கன்னு தன்மையா சொல்லிச்சி. நானும் சொல்லிக்கினே இருந்தேன். நடுவுல ஒரு 'ம்' கூடச் சொல்லல. நான் பேசுறத ஒழுங்கா கேக்குதுன்னு நெனச்சேன்."

டாக்டர் எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் என்னைக் கைகாட்டினார். "ஐயா, அந்தப் பொண்ணு இவங்கதான்."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, விரலை வைத்துக் காட்டினார்.

"இதாம்மா நான் சொன்ன பல்லு" என்றார்.

"ம்" என்றேன்.