‘என் பிள்ளை’ன்னு சொல்லக் கூடாத இடம்

எங்க காப்பகத்து ஆயாவுக்கு ஊசின்னு பேர் வெச்சது நான்தான். ஆளும் ஒல்லி, நாக்கும் குத்தும். ஒரு இடத்துல உட்காரமாட்டா. மில்லுக்குப் போற அம்மாக்கள் விட்டுட்டுப் போற பிள்ளைங்களுக்கு மூக்குத் துடைப்பா, சட்டை மாத்துவா. கண்ணு மட்டும் ஜன்னலோரம் விளையாடுற தன் மூணு வயசுப் பையன் மேலயே இருக்கும். அவனைத் தூக்க மட்டும் அவளுக்கு அனுமதி இல்ல.

காப்பகம் நடத்துற வாத்தியார் போட்ட சட்டம் அது: இங்க வேலை பாக்குறவங்க பகல்ல ‘என் பிள்ளை’ன்னு யாரையும் தனியாத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. பழைய கிரேக்க ஞானி ஒருத்தர் கனவு கண்ட ஊராம். அங்க பிள்ளைங்க எல்லாருக்கும் பொதுவாம். எது யார் பிள்ளைன்னு பெத்தவங்களுக்கே தெரியாதாம். காவல் காக்கிறவங்களுக்கும் ஆள்றவங்களுக்கும் சொந்தமா ஒண்ணும் இருக்காதாம். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும், அதேதான்"ம்பார். அந்த மனுஷனைக் குறை சொன்னா என் வாய் அழுகிடும். ரெண்டு சட்டை, ஸ்டோர் ரூம்ல ஒரு பாய், அவ்வளவுதான் அவர் சொத்து. நான் சமைக்கிற சோறு எந்தப் பிள்ளைக்கும் ஒரு கரண்டி கூடவும் போகாது, குறையவும் செய்யாது. ஆனா, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு சார்"னு நான் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"பகல் முழுக்கப் பார்த்தும் பாக்காத மாதிரி இருக்கேனேக்கா, அவன் என்னை வேத்தாளா நினைச்சுட்டா?"ம்பா ஊசி. தினமும் இதே பயம்.

போன வாரம் மத்தியானம் ஸ்விட்ச் போர்டு கருகி ஒரே புகை. பக்கத்துல இருக்கிற பிள்ளையைத் தூக்கிட்டு ஓடணும், இது வாத்தியார் பழக்கி வெச்சது. ஊசி காலடியில ரெண்டு கைக்குழந்தைங்க. எதிர்ல அவ பையன் கையை நீட்டி "அம்மா"ன்னான். ஒரு நிமிஷம் தடுமாறினா. அப்புறம் ரெண்டையும் வாரிக்கிட்டு அவனைத் தாண்டி ஓடிட்டா. அவனை நான் தூக்கினேன்.

வெளிய வந்து எண்ணினா ஒரு பிள்ளைகூடக் குறையல. அவங்கவங்க பிள்ளையைத் தேடி ஓடியிருந்தா, அம்மா மில்லுல இருக்கிற பிள்ளைங்க கதி என்ன ஆயிருக்கும்? வாத்தியார் சொன்னது சரிதான், ஒத்துக்கிறேன். அவர் கண்ணீரோட எங்க எல்லாரையும் கும்பிட்டார்.

ஊசி குழந்தைங்களை இறக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தா. பையன் என் கழுத்தை விடல. அவளையே பார்த்துட்டுக் கேட்டான்.

"இப்ப யாரைத் தூக்க வந்தே?"

வாத்தியார் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"உன்னைத்தான்டா. என் பிள்ளையை." அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சொன்னா ஊசி.

அவன் உடனே வரல. அவளும் நீட்டின கையை மடக்கல.