தண்ணீர் படாத படகுச் சங்கம்

ஜமால் முகமது டிரில் மாஸ்டர் ஆனதே தோல் வாடைக்குப் பயந்துதான். அத்தாவும் அண்ணனும் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்கும் நடுவே நின்றபோது, இவர் மட்டும் விசில் ஊதிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று மெட்ராஸுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். திண்டுக்கல்லிலேயே ஓர் உயர்நிலைப்பள்ளியில் வேலையும் கிடைத்தது. அங்கே பந்து, கயிறு, மரக்கட்டை எது வந்தாலும் டிரில் மாஸ்டர் தலையில்தான் விழும். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஒரு படகு விழுந்தது.

கொடைக்கானலில் பங்களா வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, ஏரியில் விட்டிருந்த தன் படகை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்திருக்கிறார். ஹெட்மாஸ்டர் சிங்காரவேலுவுக்குச் சும்மா வருகிற எதையும் வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லை. லாரியில் ஏற்றி, மலையிறக்கி, பள்ளி வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

"எந்தத் தண்ணியில விடுறது சார்?" என்று கேட்டார் ஜமால் முகமது.

"மழை பெஞ்சா குளத்துக்குத் தண்ணி வராமயா போகும்? அதுக்குள்ள பயலுகளைத் தயார் பண்ணிரும்."

தயார் பண்ணத் தொடங்கினார். வருஷக்கணக்காகப் பண்ணிக்கொண்டே இருந்தார்.

ஊருக்கு மேற்கே இருந்த குளம் அந்த வருஷங்களில் முழங்காலுக்கு மேல் நிரம்பியதே இல்லை. படகு மதகுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருக்கும். பையன்கள் அதில் ஏறி, விசிலுக்கு ஏற்றபடி துடுப்பால் மணலைத் தள்ளுவார்கள். அடையாற்றில் யாரோ படகு விட்டதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்ததுதான் ஜமால் முகமதுவின் அனுபவம் எல்லாம். அதில் மனசில் நின்றது ஒன்றே ஒன்று: துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.

குளத்துக்குள் வெள்ளரி போட்டிருந்த ஒச்சப்பனுக்கு இது பொறுக்கவில்லை. "ஏன் சார், இப்புடி முதுகைக் காட்டி உக்காந்தா எங்க போறோம்னு எப்புடித் தெரியும்?"

"எங்கயும் போகலையே ஒச்சப்பா."

"அதுவும் சரிதான்" என்று அவர் களை பறிக்கப் போய்விட்டார்.

படகுச் சங்கம் என்று பேர் வந்து, அது வளர்ந்தது. கேப்டன், துணைக் கேப்டன், நீல பனியன் எல்லாம் வந்தன; ஜூனியர், சீனியர் என்று பிரிவுகள் வேறு. முங்கினவனைக் காப்பாற்றுகிற பயிற்சியும் மணலில்தான். அதில் முங்குகிறவனாகப் படுத்துக்கொள்ளப் பையன்களிடையே அடிதடி நடக்கும். கால்பந்துக்கு ஆள் சேராத வருஷத்திலும் படகுக்கு வரிசை நின்றது. படகில் ஏறியவன் எவனும் இதுவரை தோற்றதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இடையில் ஒரு துடுப்புக் காணாமல் போனது. தேடிக்கொண்டு திரிந்த ஜமால் முகமது, பக்கத்துத் தெரு சாகுல் ஹமீது வீட்டுக் கல்யாணத்துக்குச் சாப்பிடப் போன இடத்தில், சமையல்காரர் அதைப் பிரியாணி தேக்சாவுக்குள் விட்டுக் கிண்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். பந்தி முடிகிறவரை காத்திருந்து வாங்கி வந்தார். அதிலிருந்து நெய் வாசம் போகவே இல்லை. பையன்கள் அந்தத் துடுப்புக்கும் சண்டை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பூட்டு வந்தது. பூட்டுக்காரர் சடையாண்டி இரண்டு சாவி போட்டால்தான் திறக்கிற பூட்டு ஒன்றைச் செய்துகொடுத்தார். ஒரு சாவி ஹெட்மாஸ்டரிடம், இன்னொன்று டிரில் மாஸ்டரிடம். துடுப்புகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. லாரிச் சங்கிலியால் படகின் அடிப்பலகை வளையத்தையும் மதகுக் கல்லையும் சேர்த்துப் பூட்டினார்கள். பூட்டியபடியே பயிற்சி நடந்தது. மணலில் நிற்கிற படகுக்குப் பூட்டைத் திறக்க வேண்டிய அவசியம் என்ன? அதனால், சிங்காரவேலு மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போனபோது அவருடைய சாவியும் கூடப் போய்விட்டது ஒருவருக்கும் தெரியவில்லை.

புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் தேவசகாயம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஒருநாள் குளத்துக்கு வந்து, குடையை ஊன்றிக்கொண்டு செத்த நேரம் பயிற்சியைப் பார்த்தார்.

"இந்த மழைக்கு இது தண்ணியில ஓடணும். ஓடலைன்னா சங்கத்தைக் கலைச்சிட்டு, பலகையைப் பிரிச்சு ஆறாம் வகுப்புக்கு பெஞ்சு அடிச்சிருவோம்."

ஜமால் முகமதுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தெருவில் அவரை யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை. 'போட் வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். படகு பெஞ்சாகிவிட்டால் மிஞ்சுவது விசில் மட்டும். அண்ணன் வேறு, எப்போது பார்த்தாலும் 'தோல் ஷாப்புல ஒனக்கு ஒரு தொட்டி காலியாத்தான் கெடக்கு' என்பார்.

"ஓடிருமா?" என்று கேட்டாள் அவர் மனைவி சைதூன்.

"ஓடாம? வெடிச்ச எடமெல்லாம் அண்ணன் கிட்ட தோல் வாங்கி ஒட்டிருக்கேன்."

"நீச்சல் தெரியுமா ஒங்களுக்கு?"

"நீச்சல் தெரியாதவங்களுக்குத்தானே படகு."

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. குளம் நிரம்பி ஒச்சப்பனின் வெள்ளரி முங்கியது. படகு உண்மையாகவே மிதந்தது. ஆனால் சங்கிலி பிடித்து இழுத்ததில், முட்டுக்கு நிற்கிற கிடா மாதிரி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு மிதந்தது. பூட்டு தண்ணீருக்கு அடியில். மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டர் வருகிறார். சாவியைத் தேடியபோதுதான் அது திருநெல்வேலியில் இருப்பது தெரிந்தது.

ஜமால் முகமது சடையாண்டியிடம் ஓடினார். "இன்னொரு சாவி செஞ்சு குடுங்கண்ணே."

"அச்சை அன்னைக்கே உருக்கிட்டேன் வாத்தியாரே. அச்சை வச்சுக்கிட்டா களவாணிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப சங்கிலியை அறுத்துருவோம்."

"அந்தச் சங்கிலிய அறுக்க ரெண்டு நாளாகும்."

"வளையத்தைக் கழட்டினா?"

"அடிப்பலகையில ஓட்டை விழும். முங்கிப் போவீங்க." சடையாண்டி வெற்றிலையை மடித்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். பூட்டு விடாது."

விடிந்தது. கரை கொள்ளாத கூட்டம். சங்கிலி எட்டுகிற தூரம் போய்த் திரும்பினால் போதும் என்று ஜமால் முகமது கணக்குப் போட்டிருந்தார். ஹெட்மாஸ்டர் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தால் கணக்குச் சரியாகவே வந்திருக்கும். அவர் குடையோடு படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஜமால் முகமதுவும் ஏறினார்.

விசில் ஊதினார். மணலைத் தள்ளிப் பழகிய பையன்கள் அதே பலத்தில் தண்ணீரைத் தள்ள, துடுப்பு வழுக்கிக்கொண்டு போனது. துடுப்புப் போட்ட நாலு பையன்களும் மல்லாக்க விழுந்தார்கள். எழுந்து மறுபடி போட்டார்கள். படகு சங்கிலி நீளத்துக்குப் போய் நின்றது. பையன்கள் நிறுத்தவில்லை. நிற்கிற படகில் துடுப்புப் போடுவது அவர்களுக்குப் புதிதா என்ன?

"நல்லாத்தான் போடுறானுக" என்றார் ஹெட்மாஸ்டர். "ஏன் நகர மாட்டேங்குது?"

"இன்னும் செத்த நேரம் சார்."

சொன்ன வாய் மூடவில்லை. அடியில் ஏதோ முறிந்தது. வளையம் பலகையோடு பிய்த்துக்கொண்டு போக, படகு முன்னால் பாய்ந்தது. எதுவும் பிடித்து இழுக்காமல், தண்ணீரின் மேல், தானாக ஓடியது. ஜமால் முகமது விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. படகு அலுங்காமல் கீழே போய்த் தரையில் உட்கார்ந்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. ஹெட்மாஸ்டர் குடையை விரித்தபடி நின்றார்.

"ஜமால் முகமது."

"சார்."

"ஓடுச்சு."

"ஆமா சார்."

"பெஞ்சு அடிக்க வேணாம். சங்கம் இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "தண்ணியில மட்டும் வேணாம்."

கரையில் சடையாண்டி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்துக்கங்க. படகு பிஞ்சிருச்சு, பூட்டு நிக்கிது." அந்த வாரம் அவருக்கு வேலை ஓயவில்லை.

வீட்டில் சைதூன் கால்சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து சோறு வைத்தாள்.

"ஓடுச்சு சைதூன்."

"எம்புட்டுத் தூரம்?"

ஜமால் முகமது சுற்றும் முற்றும் பார்த்தார். "நம்ம அடுப்படியிலருந்து வாசப்படி வரைக்கும் இருக்கும்."

"இதை நடந்தே போயிருக்கலாம்" என்று சொல்லி, அவள் வெஞ்சனக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். மறுநாள் படகை இழுத்து வந்து பள்ளி மைதானத்தில் போட வேண்டியிருந்தது.