நெஞ்சில் ஓர் இடம்

மன்னாரில் குறைமாதக் குழந்தைகளின் வார்ட்டில் நான் தாதியாக இருந்தபோதுதான் அவரைக் கண்டேன். வெள்ளாங்குளத்து ஆள். ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். சட்டையின் மேல் பொத்தான்கள் அவருக்குப் பூட்டுப்படாது. வெட்கப்பட்டு முன்பக்கத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார்.

அவருடைய மகள் மாதம் நிறையுமுன்பே பிறந்திருந்தாள். தாய் சத்திரசிகிச்சை முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்தாள். பிள்ளைக்கோ உடற்சூடு வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் வைத்திருக்கும்படி அவரிடம் சொன்னேன். பயந்துபோனார்.

"மிஸ், நெஞ்சு கல்லு மாதிரிக் கிடக்கு. பாரம் தூக்கத் தொடங்கேக்க முதல் நெஞ்சின்ர கீழ்ப்பக்கம்தான் பருத்தது. பிறகு வருசக்கணக்கா மேல்பக்கத்தையும் நிரப்பினனான். இப்ப ரெண்டு மேடும் நடுவில பள்ளமும்தான். பிள்ளைக்கு நோகும்."

"நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறதாலதான் கல்லு. மூச்சை விடுங்கோ."

விட்டார். தசை தளர்ந்தது. குழந்தையை அந்தப் பள்ளத்தில் குப்புறக் கிடத்தினேன். அளவெடுத்துச் செய்ததுபோல அதற்குள் அடங்கிவிட்டாள். பின்னேரம்வரை அவர் அசையவேயில்லை.

தாய் தேறினாள். பிள்ளைக்கும் நிறை கூடியது. வீட்டுக்குப் போகும் நாளில் அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"போட்டியை விட்டுட்டன், மிஸ். பயிற்சி இல்லாட்டி நெஞ்சு வத்திப்போகும். பிறகு இவளுக்கு இடம் காணுமோ?"

"காணும், தாராளமாய் இடம் இருக்கும்" என்றேன். நம்பாதவராய் மகளை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டு போனார். எத்தனையோ தகப்பன்மாரைக் கண்டுவிட்டேன். அப்படியொரு கேள்வியை வேறெவரும் கேட்டதில்லை.